சூரியகாந்தி வயலை ஆயில் பெயிண்டில் தீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிச் சாரல் விழுகிற நாட்களில் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் வயல்கள் சூரியகாந்தி பூத்து மஞ்சளாகிக் கிடக்கும். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக நிற்கும். செல்போனோடு படம் எடுக்க வருகிறவர்கள் ஏராளம். கேன்வாஸும் பிரஷ்ஷும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சிலர்தான். பூ பூக்கும்போது அப்படிச் சிலரைக் கூட்டிக்கொண்டு நான் அங்கே போவது வழக்கம். வருகிற முகங்கள் மாறினாலும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் செண்டுமல்லி வயலோ எள்ளுப் பூவோ இருந்தாலும் முக்கால்வாசி பதில்கள் பொருந்தும்.

ஆயில் பெயிண்டைத் தொட்டதே இல்லை. நேராக வயலில் தொடங்கலாமா?

வேண்டாம். முதலில் வீட்டில் நான்கைந்து நாள் பெயிண்டோடு பழகுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை ஜன்னலோரம் வைத்து வரையுங்கள். மஞ்சள் பொருளில் வெளிச்சம் படுகிற பக்கம், நிழல் பக்கம், மேஜையில் விழும் நிழல், இந்த மூன்றும் பிடிபட்டால் வயலுக்குப் போகலாம். வயலில் இருப்பதும் அதே மூன்றுதான், எண்ணிக்கை மட்டும் கூடுதல். எலுமிச்சையைத் தாண்டாமல் வயலுக்கு வந்தவர்கள் முதல் நாளே மனம் உடைந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்காதீர்கள். தனித்தனி டியூபாக ஏழு போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, கேட்மியம் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், கிரிம்சன் சிவப்பு. வெள்ளை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். கேமல் போன்ற உள்ளூர்த் தயாரிப்பே கற்றுக்கொள்ளப் போதுமானது. வெளிநாட்டு டியூபுக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னும் பத்து கேன்வாஸ் போர்டு வாங்கிவிடலாம். தொடங்குகிறவருக்கு அந்தப் பத்துப் போர்டுதான் பாடம்.

டியூபின் மேல் சின்ன எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும், அதைப் படிக்கப் பழகுங்கள். அசல் கேட்மியம் மஞ்சளில் பி.ஒய். 35 அல்லது பி.ஒய். 37 என்று இருக்கும். ‘ஹ்யூ’ என்ற சொல் சேர்ந்திருந்தால் அது அதே சாயலில் வேறு நிறமி. ஹ்யூ மோசம் என்றில்லை. விலை குறைவு, நச்சும் குறைவு, ஆனால் மூடும் சக்தி கொஞ்சம் கம்மி. வெளிச்சத்தில் எவ்வளவு நிற்கும் என்ற குறிப்பையும் பாருங்கள். வான்கோ 1888-இல் ஆர்ல் நகரில் தீட்டிய சூரியகாந்திப் படங்களில் குரோம் மஞ்சள் இருக்கிறது. வெளிச்சம் படப்பட அது பழுப்பேறும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அவர் பார்த்த மஞ்சளை நாம் முழுதாகப் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு கனக்கிறது.

பிரஷ்ஷில் பன்றி முடியால் ஆன தட்டை பிரஷ் இரண்டு (4, 8 எண்கள்), மெல்லிய உருண்டை பிரஷ் ஒன்று. பெயிண்டைக் கலக்கவும் சுரண்டவும் ஒரு பேலட் கத்தி. பத்துக்குப் பன்னிரண்டு அங்குல கேன்வாஸ் போர்டு. பழைய பருத்தித் துணி நிறைய. துணி தீர்ந்துவிட்டால் பெயிண்டிங்கும் அன்றைக்கு முடிந்தது.

லின்சீட் ஆயிலுக்குப் பதில் சமையல் எண்ணெய் விடலாமா? சூரியகாந்தி எண்ணெயே இருக்கிறதே?

விடாதீர்கள். ஆயில் பெயிண்ட் தண்ணீர் வற்றுவது போல் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகி ஒரு படலமாகிறது. இப்படி இறுகும் குணம் எல்லா எண்ணெய்க்கும் கிடையாது. தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது. சூரியகாந்தி எண்ணெய் அரைகுறையாக இறுகும். கடையில் விற்கும் சமையல் எண்ணெயைக் கலந்தால் படம் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாக இருந்து தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதே சமையல் எண்ணெய் பிரஷ் கழுவ நல்லது. எண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எந்த நேரம் போவது, எங்கே நிற்பது?

சூரியகாந்தி நாள் முழுக்க சூரியன் பின்னால் திரும்பிக்கொண்டே இருக்கும் என்று நாம் படித்திருக்கிறோம். இளஞ்செடி அப்படித்தான். நன்றாக மலர்ந்து முதிர்ந்த பூ திரும்புவதை நிறுத்திவிட்டுக் கிழக்கு பார்த்து நின்றுவிடும். காலையில் சீக்கிரம் சூடேறும் பூவைத் தேனீக்கள் அதிகம் நாடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இது நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். சுந்தரபாண்டியபுரத்தில் மலை மேற்கே இருக்கிறது. வயலின் கிழக்கு ஓரத்தில் நின்று மலையைப் பார்த்தால் அத்தனை பூவும் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பூமேல் விழும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த நேரம்தான். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது இதழ்களுக்குள் வெளிச்சம் புகுந்து வரும். கண்கொள்ளாக் காட்சி அது. ஆனால் இதழ் ஒளிரும்போது நடு வட்டமும் இலையும் இருண்டுவிடும், இருபது நிமிடத்தில் எல்லாம் மாறிவிடும். இரண்டாம் ஆண்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போர்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். நிழலின் திசையே மாறியிருக்கும். 1890-91-இல் வைக்கோல் போர்களைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் மோனே, வெளிச்சம் மாறினால் அந்தக் கேன்வாஸை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நாமும் இரண்டு போர்டு கொண்டு போனால் வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சாரல் நாளில் வெயிலும் மேகமும் மாறி மாறி வரும், ஒரே படத்தில் இரண்டையும் துரத்தினால் இரண்டும் கைக்குச் சிக்காது.

போர்டைத் தாங்கும் ஸ்டாண்டை, அதாவது ஈசலை, காற்று தள்ளிவிடுகிறதே?

செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று அது, சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. நீங்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் போர்டின் முதுகில் காற்று மோதி, ஈசல் உங்கள் மேலேயே சாயும். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை ஈசலின் நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள். என் வழி இன்னும் எளிது. வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போர்டை மடியில் வைத்துக்கொள்வேன்.

வயலுக்குள் இறங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். “அண்ணாச்சி, ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கிடலாமா?” என்று கேட்டு மறுத்தவரை நான் பார்த்ததில்லை. செடியை மிதிப்பவர்களைத்தான் அவர்களுக்குப் பிடிக்காது. அது அவர்கள் எண்ணெய்க்காகப் போட்ட பயிர்.

கண் முன்னால் ஆயிரக்கணக்கான பூ. எதிலிருந்து தொடங்குவது?

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. பூவிலிருந்து தொடங்காதீர்கள். பூ கடைசி அரை மணி நேர வேலை. அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் வயலுக்கு.

முதலில் எதை வரைவது என்று முடிவு செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் போர்டின் அளவுப் பொருத்தத்தில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணால் அதன் வழியே பாருங்கள். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் தன் நிலக்காட்சிகளுக்கு இப்படி ஓட்டை போட்ட அட்டையைத்தான் எடுத்துக்கொண்டு அலைந்தார். அடிவானம் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயல் முக்கியமென்றால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள்.

போர்டின் வெள்ளை கண்ணைக் கூசும். டர்பன்டைனில் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்) கரைத்த பர்ன்ட் சியன்னாவைப் பூசித் துணியால் துடைத்துவிட்டால் இளம் செம்மண் நிறத்தில் ஒரு தளம் கிடைக்கும். அதன் மேல் அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த நீர்த்த கருமையில் நான்கே கோடுகள்: மலை விளிம்பு, மலையடி, வயலின் தொலைவு எல்லை, முன்பக்கச் செடிகளின் மேல்விளிம்பு.

இப்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். பூக்கள் மறைந்து பட்டைகள் தெரியும். மேலே வானம் ஒரு வெளிர்ப் பட்டை, மலை நடுத்தர நீலப் பட்டை, தொலைவில் பூவெல்லாம் சேர்ந்து ஒடுங்கிய மஞ்சள் பட்டை, முன்னால் வரவரத் தண்டும் இலையும் தெரிந்து இருள்கிற பச்சை. இந்த நான்கு பட்டையையும் பெரிய பிரஷ்ஷால் மெல்லிசாக நிரப்புங்கள். முன்பக்கத்தில் மஞ்சளே வேண்டாம், இலைகளுக்கு அடியிலுள்ள இருட்டை மட்டும் போடுங்கள். இந்தக் கட்டத்தில் படம் அழகாக இருக்காது. பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள், “பூ எங்கே?” என்று கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இருட்டு இல்லாமல் மேலே வைக்கிற எந்த மஞ்சளும் ஒளிராது.

பிறகு தொலைவிலிருந்து முன்னோக்கி வாருங்கள். தொலைவு மஞ்சளில் தனிப்பூ எதுவும் கூடாது. படுக்கைவாட்டில் பிரஷ்ஷை இழுத்து அங்கங்கே விட்டு விட்டு வைத்தால் போதும். நடு வயலில் இழுப்பு குட்டையாகி, இடையிடையே பச்சை தெரிய ஆரம்பிக்கும். நடுவில் கறுப்புப் புள்ளி வேண்டுமென்றால் பத்தில் இரண்டு பூவுக்கு வையுங்கள். எல்லாப் பூவுக்கும் வைத்தால் முறுக்கு மேல் எள் தூவினாற்போல் ஆகிவிடும்.

முன்னால் இருக்கும் பூக்களை எப்படிப் போடுவது?

ஐந்தாறு போதும். எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே பக்கம் பார்த்து நின்றால் பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசை மாதிரி இருக்கும். ஒன்று நேராக, ஒன்று குனிந்து, ஒன்றின் முதுகுப் பச்சை தெரிய, ஒன்று பாதி இலையில் மறைந்து என்று தேர்ந்தெடுங்கள்.

நடு வட்டத்தை முதலில் வையுங்கள். நேராகப் பார்க்கும் பூவில்தான் அது வட்டம். கொஞ்சம் திரும்பினாலும் முட்டை வடிவமாகும். அந்த வடிவம் தப்பினால் இதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பூ உடைந்து தெரியும். அதன் பிறகு இதழ்: பிரஷ்ஷில் நிறையப் பெயிண்ட் எடுத்து, ஓர் இதழுக்கு ஓர் இழுப்பு. வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். திரும்ப நீவினால் கீழே இருக்கும் பச்சை மஞ்சளுக்குள் ஏறி வந்துவிடும். சரியாக வரவில்லையென்றால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். சுரண்டுவது தோல்வி இல்லை, ஆயில் பெயிண்ட் நமக்குக் கொடுக்கிற சலுகை.

மோனேயின் 1873-ஆம் ஆண்டுப் பாப்பிப் பூ வயல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் இருக்கும் பூக்கள் வெறும் சிவப்புத் திட்டுகள், அளவிலும் பூவுக்குரியதைவிடப் பெரியவை. ஒன்றிலும் இதழ் கிடையாது. ஆனாலும் அங்கே பூ இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

மஞ்சளுக்கு நிழல் கொடுக்கக் கறுப்பைக் கலந்தால் பச்சையாகிவிடுகிறது. ஏன்?

கறுப்பு நிறமிகளில் பெரும்பாலானவை கொஞ்சம் நீலச் சாயல் கொண்டவை. அது மஞ்சளோடு சேர்ந்தால் பாசிப் பச்சைதான் வரும். இதழின் நிழலைக் கண்ணால் பாருங்கள்: அது இருண்ட மஞ்சள் இல்லை, தேன் நிறம். மூன்று படிகளாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரே படும் விளிம்புக்கு லெமன் யெல்லோவில் ஒரு துளி வெள்ளை. சாதாரண இதழுக்குக் கேட்மியம் மஞ்சள். நிழலுக்கு யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும். ஆழமான மடிப்பில் கொஞ்சம் கிரிம்சன் சேர்க்கலாம்.

மஞ்சளை ஒளிர வைக்க மேலும் மேலும் வெள்ளை சேர்க்கிறோம், அது வெண்ணெய் மாதிரி வெளிறிப்போகிறது. மஞ்சளைத் தொடாமல் பக்கத்திலிருப்பதை மாற்றுங்கள். 1839-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: அருகருகே வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும், எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மஞ்சளுக்கு எதிர் ஊதா. மலைமேல் மழை மேகம் கவிந்திருக்கும் நாளில் அந்தச் சாம்பலில் ஊதா கலந்திருக்கும். அதற்கு முன்னால் வயல் விளக்கேற்றியது போல் தெரிவதற்கு இதுதான் காரணம். ஆகவே வானத்துக்கு வெறும் வெள்ளை வேண்டாம். அல்ட்ராமரைன், கிரிம்சன், துளி ஓக்கர், நிறைய வெள்ளை சேர்ந்த ஊதாச் சாம்பலில் ஒரு படி இறக்கியே வையுங்கள்.

அதே மேகத்தைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து போட்டால் ஈயப் பாத்திரம் போல இருக்கும். கறுப்பு டியூபை நான் பட்டியலில் சேர்க்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் பச்சை பிளாஸ்டிக் பச்சையாகத் தெரிகிறது.

டியூபிலிருந்து வந்த பச்சையாக இருக்கும். அல்ட்ராமரைனும் மஞ்சளும் கலந்து நீங்களே செய்யுங்கள், அதில் துளி பர்ன்ட் சியன்னா சேருங்கள். சிவப்புச் சாயல் சேர்ந்ததும் பச்சை அடங்கிவிடும். வானத்தைப் பார்க்கும் இலைப்பரப்பு நீலம் கலந்து வெளிறியிருக்கும், வெயில் ஊடுருவும் இலை மஞ்சள் பச்சையாக இருக்கும். வயலில் நான்கு பச்சையாவது வேண்டும்.

மலை வயலுக்கு மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பின்னால் போகவே மாட்டேன் என்கிறது.

மலையில் மரம் இருக்கிறது, மரம் பச்சை என்று உங்கள் மனசு சொல்வதைக் கைகள் கேட்டுவிட்டன. இடையில் பல கிலோமீட்டர் ஈரக்காற்று இருக்கிறது. தூரம் கூடக்கூட இருட்டு வெளிறும், நிறம் நீலத்துக்குப் போகும், விளிம்பு மங்கும். மலையின் மிக இருண்ட இடம்கூட முன்பக்க இலை நிழலைவிட வெகுவாக வெளிறியிருக்க வேண்டும். மேகம் தொடும் இடத்தில் மலை விளிம்பைச் சுத்தமான பிரஷ்ஷால் ஒரு முறை தேய்த்துக் கரைத்துவிடுங்கள்.

கடைசியில் எல்லாம் சேறாகிவிடுகிறது.

மஞ்சளுக்கு ஒரு பிரஷ், மற்றவற்றுக்கு ஒரு பிரஷ் என்று பிரியுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியில் துடையுங்கள். அப்படியும் சேறானால், அன்றைக்குப் போதும் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு ஈரம் காய்ந்த பின் தொடருங்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா?

மீதி வேலையை வீட்டில் முடிக்க, செடியின் அமைப்பைப் பார்க்க, சரி. நிறத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். பல செல்போன்களில் மஞ்சள் உப்பிப்போய் இதழ்களின் வித்தியாசமே தெரியாது, நிழலெல்லாம் கறுப்பாகிவிடும். வயலிலேயே உள்ளங்கை அளவு அட்டையில் வானம், மலை, தொலைவு மஞ்சள், இதழ், இதழ் நிழல், இலை என்று ஆறு நிறத்தைக் கலந்து பூசிக் கொண்டுவாருங்கள். வீட்டில் அந்த அட்டை நூறு புகைப்படத்துக்குச் சமம்.

எத்தனை நாளில் காயும்? மேலே மறுபடி பூசலாமா?

பர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறங்கள் ஓரிரு நாளில் தொடும் அளவுக்குக் காயும். டைட்டானியம் வெள்ளையும் கேட்மியம் மஞ்சளும் ஒரு வாரம் எடுக்கலாம், கனமாகப் பூசியிருந்தால் இன்னும் கூடும். மேல் பூச்சு பூசும்போது ஒரு விதி: அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் அதிகம். அடிப்பூச்சில் எண்ணெய் கூடிவிட்டால் அது மெதுவாகக் காயும். மேலே உள்ளது முந்திக் காய்ந்து, அடியில் உள்ளது அசையும்போது வெடிக்கும். அதனால்தான் தொடக்கப் பட்டைகளுக்கு டர்பன்டைன், கடைசி இதழ்களுக்கு டியூப் பெயிண்ட் அப்படியே அல்லது துளி லின்சீட். ஆயில் பெயிண்டின் மேல் அக்ரிலிக் பூசவே கூடாது. அக்ரிலிக்கின் மேல் ஆயில் பூசலாம். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆபத்து உண்டா?

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். டர்பன்டைனை மூடி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கேட்மியம் நச்சுள்ளது. பிரஷ் நுனியை வாயில் வைப்பதும், பெயிண்ட் கையோடு மிக்சர் கொறிப்பதும் கூடாது. மூன்றாவதைப் பலர் அறிவதில்லை: லின்சீட் ஆயில் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், இறுகும்போது உண்டாகும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

ஈரப் படத்தை பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது? பூச்சி வேறு ஒட்டிக்கொள்கிறது.

ஒரே அளவு போர்டு இரண்டை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பூச்சியை ஈரத்தில் எடுக்கப் போனால் அதைச் சுற்றிப் பெயிண்ட் கலையும். காய்ந்த பிறகு நகத்தால் தட்டினால் விழுந்துவிடும்.

அலமாரியில் வைத்த படம் ஓராண்டில் மஞ்சளித்துவிட்டது. வீணா?

இல்லை. லின்சீட் எண்ணெய் இருட்டில் பழுப்பு மஞ்சளாகும், வானத்தின் வெள்ளையில்தான் முதலில் தெரியும். நேர் வெயில் படாத, வெளிச்சமுள்ள அறையில் சில வாரம் மாட்டிவையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். ஈரச் சுவரென்றால் சட்டத்தின் பின்னால் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டிக் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும்.